பேச்சியம்மாளின் பாராட்டுக் கடிதம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் மகளிர் கூட்டம் ஒன்று நடந்தது. ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு ஃபெரி பிடித்து, வியர்வையும் பவுடருமாகப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு பாதி முடிந்திருந்தது. அடிமைமுறையை ஒழிக்க எழுதிய பெண்கள் என்பது தலைப்பு. பேசியவர் சின்ன வயது விரிவுரையாளர், நன்றாகவே பேசினார். ஓட்டுப் போடும் உரிமைகூட இல்லாத காலத்தில், கடல்கடந்த நாடுகளில் பெண்கள் துண்டுப் பிரசுரம் எழுதினார்களாம். வீடு வீடாகப் போய் மனுவில் கையெழுத்து வாங்கினார்களாம். அடிமையாக இருந்த பெண்களே தங்கள் கதையைச் சொல்லி அச்சில் ஏற்றினார்களாம். அடிமைகள் விளைவித்த சீனி எங்களுக்கு வேண்டாம் என்று குடும்பம் குடும்பமாக வெறும் தேநீர் குடித்தார்களாம்.

கேட்டு எல்லோரும் உருகிப்போனோம். உடனே தேநீர் இடைவேளை விட்டார்கள். டின் பால் ஊற்றிய தே தாரிக்குக்கு வரிசை வாசல்வரை நின்றது. ஒரே ஒருத்தி மட்டும் "சீனி கொறைங்கண்ணே" என்றாள். அதுவும் இனிப்பு நீர் வியாதிக்காக.

அப்போதுதான் சாந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இருந்த மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள். "மினா அக்கா, அந்த மாதிரி எழுதின பொம்பளைய நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"ஒருத்திய பார்த்திருக்கேன்."

"பெரிய ரைட்டரா?"

"பெரிய ரைட்டர்தான். மொத்தம் ரெண்டே கடுதாசி எழுதினா. ரெண்டையும் நான்தான் கெடுத்தேன்."

அதை எழுதிக் கொடுங்கள், அலுவலக மலரில் போடலாம் என்று பிடித்துக்கொண்டாள். மலரில் வழக்கமாகக் கேக் செய்முறையும் பிரிவுபசாரப் படமும்தான் வரும். பரவாயில்லை, நடுவில் இதுவும் கிடக்கட்டும்.

என் பெயர் ஃபிலோமினா. மாதா கோயில் பாட்டுக்குழுவில் கட்டைக் குரல் பாடுகிறவள் என்றால் பட்டர்வொர்த்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளி, பிறகு மலாய்ப் பள்ளி, பிறகு ஒரு பரீட்சை. அதோடு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர் அகராதி கொடுத்தார்கள். அதில் 'த' வரிசையில் பத்துப் பக்கம் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கோப்புகள் வந்து போகும் அலுவலகம் அது. தமிழில் வரும் காகிதம் எல்லாம் என் மேசைக்கு வரும். மலாயில் மாறி மாடிக்குப் போகும்.

மாடியில் இருந்தவர் என்சிக் ஜமால். என்சிக் என்றால் நம்ம 'ஐயா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். என் வேலைக் காலத்தின் பெரும்பகுதி அவருக்குக் கீழேதான். குரலை உயர்த்தியதே கிடையாது. தப்பு இருந்தால் காகிதத்தை இரண்டு விரலால் பிடித்தபடி தானே படியிறங்கி வருவார். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் கோப்புக்குள் தலையைக் குனிந்துகொள்வோம். சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார், ஓரத்து இடைவெளியை அளக்க. மூலத்தில் எத்தனை வரி, மொழிபெயர்ப்பில் எத்தனை வரி என்று ஓரத்தில் எண் போட வேண்டும். எழுதியவர் நேரில் இருந்தால் முழுவதையும் அவர் மொழியிலேயே திருப்பிப் படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். அடிக்குறிப்பு தவிர்க்க முடியாவிட்டால் மட்டும், அதுவும் இரண்டு வரிக்கு மேல் கூடாது. கடைசியில், என் கையெழுத்துக்கு மேலே, அந்தக் காலத்து அரசாங்கக் கடிதம் எல்லாவற்றிலும் இருந்த வரி: சாயா யாங் மெனுருட் பெரிந்தா. உத்தரவுக்குக் கீழ்ப்படியும் நான் என்று அர்த்தம். சில வருஷங்களுக்கு முன்பு அதை மாற்றி, ஒப்படைத்த பொறுப்பை நிறைவேற்றும் நான் என்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். என் காலம் முழுக்க நான் கீழ்ப்படிந்த கட்சி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார்: மொழிபெயர், சேர்க்காதே. அதற்குக் காரணம் எனக்கு முன்னால் இருந்த பெரியவர். தொழிலாளி "சாப்பாடு சரியில்லை" என்று ஒரு வரி எழுதினால், இவர் பசியின் கொடுமையை ஒரு பக்கத்துக்கு எழுதிவிடுவாராம். என்சிக் சூடு கண்டவர். ஆகவே நான் கமாவைக்கூடச் சேர்க்காமல் கற்றுக்கொண்டேன்.

எந்த அளவுக்கு என்றால், பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி "எனக்குத் தலைக்கு மேல் வேலை" என்று மனு எழுதியிருந்தான். அப்படியே போட்டேன். அவனுக்குத் தலைக்கு மேலே வேலை இருக்கிறது. இரண்டு அதிகாரிகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பிறைக்குப் போய், அவன் நிற்கிற இடத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'மேலே ஒன்றும் இல்லை' என்று அறிக்கை எழுதினார்கள். என்சிக் இறங்கி வந்தார்.

"இதற்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டென்று ஏன் சொல்லவில்லை?" அவர் பேசியது எல்லாம் மலாயில். இங்கே தமிழில் தருகிறேன். இப்போது பக்கத்தில் இருந்திருந்தால் இதற்கும் வரி எண் கேட்டிருப்பார்.

"மூலத்தில் அது இல்லை, என்சிக்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிதான்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். அந்த ஒரு 'சரிதானை' நான் பல வருஷம் மெடல் மாதிரி மார்பில் குத்திக்கொண்டு திரிந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருஷம் முன்புதான் பேச்சியம்மாளின் கடிதம் வந்தது. வீட்டு வேலைக்கு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவள். வேலைப் பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பத்தோடு, 'நாங்கள் எப்படிக் கவனித்துக்கொள்கிறோம் என்று அவளே எழுதியிருக்கிறாள்' என்று வீட்டுக்காரம்மா அதை இணைத்து அனுப்பியிருந்தார். யாரும் கேட்காத காகிதம். ஆனால் கோப்பில் தமிழ் இருந்தால் நான் மொழிபெயர்த்தாக வேண்டும். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"ஐயா, வணக்கம். இந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என்னை விட்டுப் பிரிய எங்கள் அம்மாவுக்கு மனசே வராது. வெளியூர் போனாலும் என்னை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போவார்கள். வெயில் பட்டுக் கறுத்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். என் உடைமைகளைச் சுமக்கிற பாரம்கூட எனக்கு இல்லை. எல்லாம் அவர்கள் பீரோவில் இருக்கிறது. ஊரோடு பேசி மனசு வாடுகிற தொல்லையும் இல்லை. இன்று என்ன கிழமை என்று யோசிக்கிற கவலையும் இல்லை. இங்கே எல்லா நாளும் ஒரே நாள்தான். இப்படி ஓர் இடம் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. அம்மா பெற்ற மகளுக்கும் இதே மாதிரி ஒரு வீடு அமைய வேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிடுகிறேன். இப்படிக்கு, இந்த வீட்டின் அடிமை, பேச்சியம்மாள்."

தமிழ் வாசகர்களே, சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்து, அதற்கு உதாரணம் எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான். அன்று என் மேசையில் நாற்பது கோப்பு. ஃபெரியில் கூட்டம் சேருமுன் கிளம்பிவிட வேண்டும் என்று ஒரு கண் கடிகாரத்தில். ஒரு வரி விடாமல், ஒரு வரி சேர்க்காமல் மலாயில் போட்டேன். 'அடிமை' வந்த இடத்தில் 'ஹம்பா' என்று எழுதினேன். அகராதிப்படி ஹம்பா என்றால் அடிமை. நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பழைய மலாயில் 'அடியேன்' என்று பணிவாகச் சொல்வதற்கும் அதே வார்த்தைதான். அரண்மனை நாடகங்களில் மந்திரிகள் ராஜா முன்னால் 'ஹம்பா, ஹம்பா' என்று குனிவார்கள்.

என்சிக் படியிறங்கி வந்தார். செருப்புச் சத்தம் கேட்டு நான் கோப்புக்குள் குனிந்தேன். ஆனால் மனுஷர் முகமெல்லாம் சிரிப்பு.

"ஃபிலோமினா, இந்தக் காலத்தில் யார் இப்படி எழுதுகிறார்கள்? அடியேன் என்கிறாள்! முதலாளியின் மகளுக்காகப் பிரார்த்தனை வேறு! நமக்கு வருகிறதெல்லாம் புகார். ஒரு பாராட்டாவது ஜனங்கள் கண்ணில் படட்டும்."

மூலத்தின் நகலையும் என் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார். ஸ்கேல் வைத்து நேராக. பதினொரு நாள் அது அங்கே தொங்கியது. நானும் தினமும் அதைத் தாண்டித்தான் போனேன். என் மொழிபெயர்ப்பு பலகை ஏறியிருக்கிறதே என்று சின்னப் பெருமைகூட எனக்கு.

பன்னிரண்டாவது நாள் காலையில், அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற முனியம்மா அக்கா பலகையின் கண்ணாடியைத் துடைக்க நின்றார். தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவர். வாய்விட்டுப் படித்தார். முதலில் 'ஹிஹி' என்று ஒரு சிரிப்பு வந்தது. நடுவில் நின்றுபோனது. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மினா, எந்தப் பாவி இந்தப் பொண்ண வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கிறது?"

"எந்தப் பொண்ணுக்கா?"

"பலகையில ஒட்டி வச்சிருக்கீங்களே லா! அம்மா மகளுக்கும் இதே மாதிரி வீடு அமையணுமாம். அது வாழ்த்தா? வயிறு எரிஞ்சு விடுற சாபம். நீ படிக்கலியா?"

படித்தேன். அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். உள்ளே பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போவார்கள். எல்லாம் அவர்கள் பீரோவில். அடிமை என்று அவள் கொட்டை எழுத்தில் கையெழுத்தே போட்டிருக்கிறாள். நான் அதை அடியேன் ஆக்கி, அலங்காரமாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

மாடிக்கு ஓடினேன். அந்தப் படியில் நான் ஓடியது அதுதான் முதலும் கடைசியும்.

"என்சிக், அந்தக் கடிதம் பாராட்டு இல்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பூட்டி வைத்திருக்கிறார்கள்."

என்சிக் ஸ்கேலை எடுத்து மேசையில் நேராக வைத்தார். "எந்த வரியில் இருக்கிறது?"

"எந்த வரியிலும் இல்லை. எல்லா வரியிலும் இருக்கிறது."

"ஃபிலோமினா. மொழிபெயர், சேர்க்காதே."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. இவருக்கு வஞ்சப்புகழ்ச்சியை இரண்டு வரி அடிக்குறிப்பில் நான் எப்படி விளக்குவது? மூளையைக் கசக்கியதில் ஒரு மலாய் வார்த்தை அகப்பட்டது. "என்சிக், இது சிண்டிரான்."

சிண்டிரான் என்றால் குத்தல் பேச்சு. மலாய்க்காரர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் என்சிக் நம்பவில்லை. முகம் அப்படியே இருந்தது. நான் துணிந்துவிட்டேன்.

"என்சிக், உங்கள் மாமியார் 'இந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று சொன்னால் எப்படி இருக்கும்?"

அவருடைய மாமியாரைப் பற்றி அலுவலகத்தில் யாரும் வாயைத் திறந்தது கிடையாது. ஆனால் மாமியார் வந்து தங்குகிற வாரங்களில் என்சிக் காலை ஏழு மணிக்கே அலுவலகம் வந்துவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் காகிதத்தை எடுத்தார். மெதுவாக, மூக்கால், கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துப் படித்தார். அது மாமியாரின் குரல் என்று எனக்குப் புரிந்தது. இரண்டாவது வரியில் புருவம் ஏறியது. 'வெயில் பட்டுக் கறுத்துவிடாதபடி' வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார். மகள் வரிக்கு வந்தபோது எழுந்தே நின்றுவிட்டார்.

"யா அல்லா" என்றார். பிறகு, "வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்."

மலையோரத்தில் பெரிய வீடு. அமலாக்க அதிகாரிகள் இரண்டு பேர், என்சிக், மொழிபெயர்க்க நான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சோதனைக்குப் போகிறவர்போல என்சிக் நிமிர்ந்து நடந்தார். வீட்டுக்காரம்மா நம் தமிழர்தான். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கூடத்தில் சோபாவில் கல்யாண வயதில் ஒரு மகள். ஜன்னலோரம் கூண்டில் ஒரு கிளி. கூண்டுக்குக்கூடச் சின்னப் பூட்டு.

"என்ன லா இது, போலீஸ் மாதிரி வந்து நிக்கிறீங்க? அவளே கைப்பட எழுதியிருக்கா, எங்க வீட்ட பத்தி! படிச்சுட்டு எனக்கே அழுகை வந்துருச்சு. நான்தான் ஸ்டாம்பு ஒட்டினேன்!" என்று உள்ளே போய் ஒரு நகலை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

என்சிக் என்னைப் பார்த்தார். "வாய்விட்டுப் படியுங்கள். எந்தக் குரலில் எழுதப்பட்டதோ அந்தக் குரலில்."

படித்தேன். என் கட்டைக் குரலில், எங்கள் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியை நடுவாசலில் வைத்துப் புகழ்வாளே, அப்படிப் படித்தேன். சமையலறைக் கதவோரம் ஒரு புடவை முனை தெரிந்தது. வீட்டுக்காரம்மா தலையை ஆட்டி ரசித்துக்கொண்டே இருந்தார். மகள்தான் கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"அம்மா," என்றாள், "அது வாழ்த்து இல்லம்மா."

"சும்மா இரு, பாப்பா. ஒனக்காக சாமி கும்பிடுறா."

"என்னையும் இப்படிப் பூட்டி வைக்கணும்னு கும்பிடுறாம்மா!"

அதற்குள் அந்தப் பெண் எழுந்து, தாயின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி, பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டாள். வீட்டுக்காரம்மா அப்போதும் நகலையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தானே எழுதியிருக்கா?" என்று என்னிடமே கேட்டார். அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பேச்சியம்மாள் குள்ளமாக, முப்பது முப்பத்திரண்டு வயதில் இருந்தாள். வாசல்படி தாண்டியதும் வெயிலுக்குக் கண் கூசி நின்றாள். அலுவலகத்துக்கு வந்ததும் முனியம்மா அக்கா தன் போனைக் கையில் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து ஊரில் தாயின் குரல். எதிர்முனையில் அந்தக் கிழவி எடுத்த எடுப்பில் "எங்கடி போய்த் தொலைஞ்ச, ஒரு போன் பண்ண ஒனக்கு இவ்வளவு கொழுப்பா?" என்று போட்ட சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள். முனியம்மா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

பிறகு வாக்குமூலம். ஏன் நேராக எழுதவில்லை என்று கேட்டேன்.

"பக்கத்துலயே நிக்கிறாங்கக்கா. திட்டி எழுதினா கிழிச்சுப் போட்டுருவாங்க. புகழ்ந்து எழுதினா அவங்களே ஸ்டாம்பு ஒட்டுவாங்க. ஆபீசுல தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருப்பாங்க, படிச்சா புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "போன வருசமும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள்.

"போன வருசமா?"

என்சிக் கோப்பைப் புரட்டினார். அடியில் இருந்தது, போன வருஷப் பெர்மிட்டோடு வந்த கடிதம். அதே முத்து முத்தான கையெழுத்து. கூடவே மலாய் மொழிபெயர்ப்பு, ஓரத்தில் வரி எண். கடைசியில், சாயா யாங் மெனுருட் பெரிந்தா. அதற்குக் கீழே என் கையெழுத்து.

எனக்கு அதை எழுதிய ஞாபகமே இல்லை.

நடைமுறைப்படி, மொழிபெயர்ப்பைக் கடிதம் எழுதியவருக்குத் தமிழில் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். என்சிக் தலையாட்டினார். நான் படித்தேன். "இந்த வீட்டில் ஒரு கிளி இருக்கிறது. அதற்கும் எனக்கும் ஒரே கவனிப்பு. இருவருக்கும் வேளைக்குச் சாப்பாடு வருகிறது. கதவைத் திறந்து மூடுகிற வேலையை அம்மா எங்களுக்கு வைப்பதே இல்லை." அங்கே ஒருமுறை நிறுத்தி, மீதியையும் படித்து முடித்தேன். இதை நான் தமிழில் படித்து, மலாயில் எழுதி, வரி எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, ஃபெரிக்கு ஓடியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இவள் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

பேச்சியம்மாள் முழுவதையும் கேட்டாள். மலாய்த் தாளை இழுத்து, படிக்கத் தெரியாவிட்டாலும், வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு எழுத்து விடலக்கா. அப்படியே போட்டிருக்கீங்க. உங்கள மாதிரி ஆளு எல்லா ஆபீசுலயும் இருக்கணும்."

நன்றி சொல்ல எனக்கு வாய் திறந்துவிட்டது. பழக்க தோஷம். நல்லவேளை, சத்தம் வருமுன் புரிந்தது. முனியம்மா அக்கா துணியைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் என்சிக். பேனா தயாராக இருந்தது.

"என்னைப் பாராட்டுகிறாள், என்சிக்."

அவர் எழுதவில்லை. "மாமியார் குரலிலா?"

"ஆமாம்."

பேனாவை மூடி வைத்தார். பேச்சியம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். "அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும்," என்றார். "இரண்டு வரி போதாது. உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எழுதுங்கள்."

ஒரு மாதத்துக்குள் பேச்சியம்மாள் தன் பாஸ்போர்ட்டைத் தானே சுமந்துகொண்டு ஊருக்குப் போனாள். என்சிக் ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரத்தில் எனக்குக் கொடுத்த கேடயத்தில் 'ஓர் எழுத்தும் பிசகாத பணி' என்று பொறித்திருக்கிறது. அதைக் கூடத்தில் மாட்டவில்லை. அந்த அடிக்குறிப்பை மட்டும் எழுதாமலே வைத்திருந்தேன், சாந்தி. இப்போதுதான் எழுதி முடித்தேன்.